கோழிக் கிண்ணத்துக்குக் கோடிகள், பட்டுக்கு எடைக்கல்

2014 ஏப்ரலில் ஹாங்காங்கில் ஓர் ஏலம் நடந்தது. விலைக்கு வந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறிய பீங்கான் கிண்ணம். மேலே ஒரு சேவல், ஒரு கோழி, சில குஞ்சுகள். அவ்வளவுதான்! சீனாவின் மிங் வம்சத்து செங்ஹுவா மன்னர் காலத்தில், அதாவது 15ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. ஷாங்காய் கோடீஸ்வரர் லியு யிச்சியான் அதை சுமார் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு எடுத்தார். பணத்தைக் கிரெடிட் கார்டு தேய்த்தே கட்டினார். பிறகு அதே கிண்ணத்தில் டீ குடித்துப் படமும் எடுத்துக்கொண்டார்.

இதைப் படித்தால் ஐயம்பேட்டையில் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு நெசவாளி என்ன கேட்பார்? "அந்தக் கிண்ணத்தைச் செஞ்சவனுக்கு என்ன கூலி கொடுத்தாங்க?" என்றுதான் கேட்பார். சரியான கேள்வி. ஏலக்கூடங்களில் யாருமே கேட்காத கேள்வியும் அதுதான்.

ஏன் சேர்க்கிறார்கள்? 'அழகுக்காக' என்பது முதல் பதில். சிலருக்கு அது உண்மைதான். ஆனால் அழகு மட்டுமே காரணம் என்றால் நல்ல நகல் போதுமே! சிங்தெசென் ஊரில் இன்றும் கைதேர்ந்த குயவர்கள் அதே போன்ற கிண்ணங்களைச் செய்கிறார்கள். அவற்றுக்குக் கோடி கொடுப்பார் இல்லை. ஆகவே விலை அழகுக்கு மட்டும் இல்லை. 'இது என்னிடம் இருக்கிறது, உன்னிடம் இல்லை' என்பதற்கும் சேர்த்துத்தான்.

'முதலீடு' என்பது இரண்டாவது பதில். நிலம் வாங்கினால் விளையும். வீடு வாங்கினால் வாடகை வரும். வங்கியில் போட்டால் வட்டி வரும். பழைய ஜாடி என்ன தரும்? அடுத்து ஒருவன் இன்னும் அதிக விலைக்கு வாங்கினால்தான் லாபம். 2010இல் லண்டன் புறநகர் ஒன்றில் ஒரு சீன ஜாடி 4.3 கோடி பவுண்டுக்கு ஏலம் போனதாக உலகமே பேசியது. ஏலம் கேட்டவர் பணமே கட்டவில்லை. ஆண்டுகள் கழித்து அது வேறொருவருக்குக் குறைந்த விலைக்குப் போனது. இதுதான் அந்த 'பாதுகாப்பான முதலீட்டின்' லட்சணம்.

பணம் போனால் போகட்டும், அது பணக்காரர் பாடு. அந்தச் சந்தைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் ஊர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பாரிசில் சி.டி. லூ என்று ஒரு வியாபாரி இருந்தார். சீனாவிலிருந்து 1902இல் பிரான்சுக்கு வந்தவர். 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் சீனக் கலைப்பொருள் வியாபாரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தாங் பேரரசர் தாய்சோங் சமாதியில் இருந்த ஆறு கல்குதிரைச் சிற்பங்களில் இரண்டு அவர் கைவழியாகத்தான் அமெரிக்காவின் பிலடெல்பியா அருங்காட்சியகத்துக்குப் போயின. தூக்கிச் செல்வதற்காகக் கல்லைத் துண்டாக்கியிருந்தார்கள்.

இதே லூவின் கை காஞ்சிபுரம் வரைக்கும் நீண்டது! காஞ்சி வட்டாரத்தைச் சேர்ந்த 10ஆம் நூற்றாண்டு யோகினி சிற்பங்கள் 1920களில், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் மூலமாக லூவின் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரே கோயிலில் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டிய சகோதரிகள் இன்று வாஷிங்டனில் ஒருத்தி, டெட்ராய்ட்டில் ஒருத்தி, டொரன்டோவில் ஒருத்தி, லண்டனில் ஒருத்தி என்று சிதறிக் கிடக்கிறார்கள். அந்தக் கோயில் எந்த இடத்தில் இருந்தது என்பதைக்கூட இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிலை பிழைத்தது, ஊர் தொலைந்தது.

"அவர்கள் எடுத்துப் போனதால்தானே பிழைத்தது?" என்பார்கள். லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் சீனாவில் எத்தனையோ பழம்பொருட்கள் நொறுக்கப்பட்டன. தமிழ்நாட்டிலும் வயல்வெளியில் கேட்பாரற்றுக் கிடந்த சிலைகள் உண்டு. ஆனால் காப்பாற்றுவது வேறு, விற்பது வேறு. காப்பாற்றியவன் விலைச்சீட்டு ஒட்டமாட்டான். வாங்குபவன் இருக்கிறான் என்று தெரிந்த பிறகுதான் உடைப்பவன் உளியைத் தூக்குகிறான்.

கதை பழையது என்று நினைக்க வேண்டாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் சுபாஷ் கபூரின் நியூயார்க் கடை வழியாக 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டார். விலை 50 லட்சம் அமெரிக்க டாலர். 2014இல்தான் திரும்பி வந்தார். கபூருக்கு 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. நூறு ஆண்டு பழைய சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று 1972ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கும்போது நடந்தது இது.

இனி ஐயம்பேட்டைப் பக்கம் திரும்பலாம். இங்கே நெய்வது பட்டு. கோர்வைப் புடவை என்றால் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் ஓட்டி, ஒவ்வொரு இழையிலும் கோர்த்து நெய்ய வேண்டும்; பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியது பழைய சரிகை. இப்படி நெய்த பாட்டி காலத்துப் புடவை கிழிந்தால் என்ன ஆகிறது? "பழைய பட்டுப்புடவை எடுக்கிறோம்" என்று ஒருவர் வருவார். எடை போடுவார். புடவை நெருப்புக்குப் போகும், வெள்ளி மட்டும் மிஞ்சும்.

கிண்ணம் செய்த குயவன் பெயரும் தெரியாது, புடவை நெய்தவர் பெயரும் தெரியாது. ஒன்றுக்கு ஏலக்கூடம், இன்னொன்றுக்கு உருக்கும் அடுப்பு. வேலைப்பாட்டில் குறை இருந்தா இந்த வித்தியாசம்? இல்லை. ஒன்றைப் பணக்காரர்கள் 'அரிது' என்று முடிவு செய்துவிட்டார்கள், இன்னொன்றைச் செய்யவில்லை. மதிப்பு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இவ்வளவுதான்.

சேர்ப்பது பாவம் இல்லை. தபால்தலை சேர்க்கும் பையனை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு பொருளை வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும். எங்கிருந்து வந்தது? யார் எடுத்தது? எடுத்த இடத்தில் இப்போது என்ன மிச்சம்? பதில் இல்லையென்றால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அப்படியும் கை அரித்தால் ஐயம்பேட்டைக்கு வந்து, தறியில் இருக்கும் புடவையை நியாய விலைக்கு வாங்கட்டும். ஏறுமா இறங்குமா என்ற கவலை அதில் இல்லை. நெய்தவர் உயிரோடு இருக்கும்போதே பணம் அவர் கைக்குப் போய்ச் சேரும்.