மஞ்சள் பஸ்ஸும் மைனஸ் முப்பதும்

மார்கழி மாசம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்போம். நம்மூர்க் குளிரின் உச்சக்கட்டக் கொடுமை அவ்வளவுதான். அமெரிக்காவின் வடக்கே மின்னசோட்டா மாநிலத்தில் இதே சங்கடம் ஸ்கூல் பஸ்ஸின் டீசல் டாங்க்குக்குள் நடக்கிறது.

டீசலிலும் மெழுகு இருக்கிறது ஸார். குளிர் ஏற ஏற முதலில் கலங்கல், பிறகு கூழ். கூழ் போய் ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். எஞ்சின் நாலு தடவை இருமிவிட்டுப் படுத்துவிடும். அங்கே ஜனவரியில் மைனஸ் 30 என்பது செய்தியே இல்லை. (செல்ஷியஸா, பாரன்ஹீட்டா என்று சண்டை போடுகிறவர்களுக்கு: மைனஸ் 40-ல் இரண்டும் ஒன்றுதான். சமாதானமாகப் போகலாம்.)

டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் எஞ்சின் மாதிரி தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினைந்து, பதினேழு மடங்கு நசுக்கி, அதில் பிறக்கும் 500 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். ராத்திரி பூரா பனியில் கிடந்த இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடுகிறது. எஞ்சின் ஆயிலோ அல்வா பதம். பாட்டரிக்கு மைனஸ் 18-லேயே கிட்டத்தட்ட பாதி பலம்தான் மிச்சம். வேலை இரண்டு மடங்கு, ஆள் பாதி. நம்மில் பலர் ஆபீஸில் பார்த்த சீன்தான்.

இதற்கு வைத்தியம் கண்டுபிடித்தவர் பக்கத்து நார்த் டகோட்டாவில், கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்க்காரரான ஆண்ட்ரூ ஃப்ரீமேன். கிராமப்புற மின்சாரக் கூட்டுறவில் மேனேஜர். எஞ்சின் தலையில் உள்ள ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டு, அங்கே கரண்டில் சூடேறும் போல்ட்டைச் சொருகினார். 1949-ல் பேடண்ட் கிடைத்தது. ராத்திரி கரண்ட் விற்க இதைவிட நல்ல ஐடியா எந்த மேனேஜருக்குத் தோன்றும்! இன்று அதன் வாரிசு 'ப்ளாக் ஹீட்டர்'. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வாட்ஸில் எஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீரைச் சூடாக்கும். நம்ம வாட்டர் ஹீட்டரின் சித்தப்பா பையன். பஸ் டெப்போவில் வரிசையாகப் பிளக் பாயின்ட்டுகள். ராத்திரி வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வயர் மாட்ட வேண்டும். ஒன்றை மறந்தால் காலையில் அது பஸ் இல்லை, மஞ்சள் பெயின்ட் அடித்த ஐஸ் பெட்டி.

"ராத்திரி பூரா எஞ்சினை ஓடவிட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். டீசல் செலவு கிடக்கட்டும், அந்தப் புகையை மூக்கில் வாங்கப்போவது பிள்ளைகள்.

ஹீட்டர் எஞ்சினைக் காப்பாற்றும், டாங்க்கில் இருக்கும் டீசலை அல்ல. அதற்கு மண்ணெண்ணெய் ஜாதியைச் சேர்ந்த 'நம்பர் 1' டீசலைக் கலக்க வேண்டும், கூழாகுமுன் மருந்தும் ஊற்ற வேண்டும். கூழான பிறகு ஊற்றினால், பரீட்சை முடிந்து பாடம் படித்த மாதிரி. நம் லடாக்கிலும் இதே கதைதான். டிரைவர்கள் டாங்க்குக்கு அடியில் நெருப்பு மூட்டிய ஊர் அது. 2019-ல்தான் இந்தியன் ஆயில் மைனஸ் 33 வரை தாங்கும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது.

இதெல்லாம் தெரிந்த மின்னசோட்டாவிலேயே 2009 ஜனவரி 15 அன்று கோட்டை விட்டார்கள். ப்ளூமிங்டன் என்ற ஊர். பாரன்ஹீட்டில் மைனஸ் 20-ஐ ஒட்டிய குளிர். பஸ்கள் மக்கர் செய்ய, டஜன் கணக்கில் பிள்ளைகள் அந்தக் குளிரில் மாட்டிக்கொண்டார்கள். மறுநாள் ஊர் முழுக்க ஸ்கூல் லீவு. உடனே பழி யார் மேல்? 2005-லிருந்து டீசலில் கட்டாயமாகக் கலந்துவந்த 2 சதவிகித சோயா எண்ணெய் பயோடீசல் மேல். பயோடீசல் தரப்பு சும்மா இருக்குமா? ஃபில்டரில் அடைத்திருந்ததை லேபில் சோதித்துவிட்டு, 'இது சாதா டீசலின் மெழுகு' என்று திருப்பி அடித்தது. மீதி 98 சதவிகிதத்தை யாரும் சந்தேகிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். புதுசாக வந்த மருமகள் மேல் பழி போடுவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை போல.

நமக்கு இது வேடிக்கைக் கதை. தெருமுனையில் நிற்கும் ஏழு வயசுப் பையனுக்கு அப்படி இல்லை. மைனஸ் 30-ல் காற்றும் வீசினால், மூடாத கன்னமும் காதும் உறைந்து புண்ணாகப் பத்து நிமிஷம் போதும். பஸ் பதினைந்து நிமிஷம் லேட் என்பது அங்கே மெமோ சமாசாரம் இல்லை, ஆஸ்பத்திரி சமாசாரம். 2014 ஜனவரி 6 அன்று கவர்னர் மார்க் டேட்டன் மாநிலத்தின் எல்லா அரசுப் பள்ளிகளையும் குளிருக்காகவே மூடச் சொன்னார். அதற்கு முன் அப்படி நடந்து 17 வருஷம் ஆகியிருந்தது.

மற்ற நாட்களில் லீவு கிடையாது. அதனால் விடிவதற்கு வெகுநேரம் முன்பே டெப்போவில் மெக்கானிக் டார்ச் அடித்துக்கொண்டு வரிசையாக வருவார். சாவியைப் பாதி திருப்பி, 'காத்திரு' விளக்கு அணையும்வரை பொறுமையாக இருப்பார். உள்ளே போகும் காற்றை ஒரு ஹீட்டர் சூடாக்கிக்கொண்டிருக்கும். பொறுமை இல்லாத ஆசாமி ஈதர் ஸ்பிரேயை அடித்தால், சூடான ஹீட்டரில் பட்டு வெடிக்கும், எஞ்சினே போகும். பஸ் கிளம்பிவிட்டாலும் கதை முடியாது. ஏர் பிரேக் டாங்க்கில் தேங்கிய ஈரம் உறைந்தால் பிரேக் பிடிக்காது, அதை வடிக்க வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் யூரியாத் தண்ணீர் மைனஸ் 11-லேயே கல்லாகிவிடும். நல்லவேளை, எஞ்சின் சூடு அதைத் தானே உருக்கும்.

எல்லாம் சரியாக நடந்தால் பஸ் வழக்கமான நேரத்துக்கு வந்து நிற்கும். பையன் ஏறிக்கொண்டு ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவான்.