குளியலறையில் ஓர் எட்டுக்கால்

எனக்கு வயது 52. பாம்பு என்றால்கூட நின்று பார்ப்பேன். குளியலறைச் சுவரில் எட்டுக்கால் பூச்சி உட்கார்ந்திருந்தால் மட்டும் அன்று குளியல் தள்ளிப்போகும். "இத்தனூண்டு பூச்சிக்கா?" என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரித்து யாருடைய பயமும் போய் நான் பார்த்ததில்லை.

பார்த்துப் பார்த்துப் பழகித்தான் எனக்குக் குறைந்தது. முதலில் வாசற்படியில் நின்றபடி, பிறகு ஒரு முழம் உள்ளே. அப்போதுதான் கவனித்தேன்: வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை போல எதையோ இடுக்கிக்கொண்டிருந்தது. முட்டைப் பை! பெரிதாய், பழுப்பாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த வகை, வலை பின்னி இரை பிடிப்பதில்லை. இரவில் கரப்பான்பூச்சியை ஓடிப் பிடித்துத் தின்னும். நாம் மருந்தடித்தும் ஒழியாத அதே கரப்பான்.

மேலே ஊர்ந்தால் கொப்புளம் வரும் என்பாள் பாட்டி. மழைக்காலத்தில் டியூப்லைட்டைத் தேடி வரும் ஒரு சிறு வண்டு தோலில் நசுங்கினாலும் கொப்புளம் வரும். அக்கியும் கொப்புளமாய்த்தான் கிளம்பும். பழி சிலந்திக்கு. திருவானைக்காவில் லிங்கத்துக்குப் பந்தலிட்ட சிலந்தி கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்தது என்று கதை சொல்கிறோம். வீட்டில் பார்த்தால் கை செருப்பைத்தான் தேடுகிறது.

அகலமான டப்பாவைக் கவிழ்த்து, அடியில் பழைய காலண்டர் அட்டையைச் செருகி, தோட்டத்தில் விட்டுவிடுங்கள். பயப்படுகிறவர் கையில் மட்டும் அந்த டப்பாவைத் திணிக்காதீர்கள். அவர் தள்ளி நின்று பார்க்கட்டும்.