சிற்றில் கட்டுவதும் சிதைப்பதும்

'குழந்தை அழுதது' என்கிறோம். 'அழுதான்', 'அழுதாள்' என்பதில்லை. மகவு, குழவி என்னும் சொற்கள் பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை முடிபே கொள்ளும் எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்துள் வரையறுத்தார். ஆண், பெண் எனப் பிரிக்குமுன் தமிழ் அதனைக் குழந்தையாகவே காண்கின்றது.

பிள்ளைத்தமிழும் அவ்வாறே. காப்பு முதல் அம்புலி ஈறாக ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. அதன் பின்னரே வழி பிரிகின்றது. ஆண்மகவுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்மகவுக்கு அம்மானை, நீராடல், ஊசல். இவற்றுள் சிற்றிற் பருவம் எண்ணிப் பார்க்கத் தக்கது. மணல்வீடு கட்டுபவள் சிறுமி; காலால் அதனைச் சிதைப்பவன் சிறுவன்; 'சிதையாதே' என இரந்து நிற்பவளும் அச்சிறுமியே! பாட்டின் சுவை ஒருபுறம் இருக்க, அழிப்பது அவனுக்கு விளையாட்டு, பொறுப்பது அவளுக்குப் பண்பு என்னும் பாடத்தை நம் இல்லங்கள் இன்றும் நடத்தி வருகின்றன.

கொலு நாள்களில் திருமயிலை வடக்கு மாடத் தெருவில் சற்றே நின்று பாருங்கள். மகளுக்குச் சொப்பு, மகனுக்கு வண்டி. தியாகராயர் நகர்த் துணிக்கடைகளிலோ, தவழும் மழலைக்கே ஆண் ஆடை வேறு, பெண் ஆடை வேறு. மூன்று அகவைக்குள் தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ சொல்லக் கற்கும் குழந்தை, அடுக்களை யாருக்குரியது, தெரு யாருக்குரியது என்பதையும் உடன் கற்றுவிடுகின்றது. உடல் வேறுபாடு பிறப்பில் வருவது. அடுக்களைச் சுமையோ நாம் ஏற்றி வைப்பது.

ஏற்றாதுவிடின் என்ன விளையும்? 1886இல் புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலக்குமி அம்மையாரைப் பாருங்கள். பூப்பெய்தியபின் பள்ளி செல்லல் தடைப்பட, வீட்டிலிருந்தே பயின்றார். ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளிடையே இடம்பெற்றார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டமன்றம் புகுந்தார். புகலற்ற பெண்மக்களுக்கென ஔவை இல்லம் கண்டார். 1954இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். சிற்றிலோடு நின்றிருக்க வேண்டிய கைகள் பேரில்லங்களை எழுப்பின!

மேடையில் இன விடுதலை முழங்கிவிட்டு, இல்லம் புகுந்ததும் சோறு எங்கே என அதட்டும் தமிழன், எவ்விடுதலையைத் தன் மகனுக்குக் கற்பிக்கின்றான்? அவன் வாய் ஒன்றைச் சொல்ல, அவன் வீடு மற்றொன்றைச் சொல்கின்றது. குழந்தை வீட்டையே நம்பும்.

தமிழ்ப் பெற்றோரே! உண்ட தட்டை மகனும் கழுவட்டும்; சிறுதேரை மகளும் உருட்டட்டும். சிற்றிலை இருவரும் சேர்ந்தே கட்டட்டும். பாதித் தமிழரை அடுக்களையில் பூட்டி வைத்து, முழுத் தமிழினம் ஒருநாளும் எழாது!