எந்தக் கம்பெனி தம்பி?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பாத்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் மொக்கை போடலாம்னுதான் உக்காந்தேன், ஆனா ஊர்ல இருந்து வந்த ஒரு விஷயம் ஒரு வாரமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எழுதித் தொலைச்சிட்டா தூக்கமாவது வரும்.

எழும்பூர்ல பல்லவனைப் பிடிச்சு அரியலூர் ஸ்டேஷன்ல எறங்கி வெளிய வந்து ஒரு டீ சொன்னீங்கன்னா, டீ வர்றதுக்கு முன்னாடி கேள்வி வந்துடும். "தம்பி எந்தக் கம்பெனி?" என்ன வேலை பாக்கறீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. சம்பளம் எவ்வளவுங்கறதெல்லாம் ரெண்டாவது டீக்குத்தான். மொதல்ல கம்பெனி பேரு. நீங்க சொல்ற பேரு டிவி விளம்பரத்துல வர்ற பேரா இருந்தா கிளாஸ் டீ, இல்லேன்னா பேப்பர் கப் (சும்மா சொன்னேன், ரெண்டு பேருக்கும் பேப்பர் கப்தான்).

எங்க ஊர் ஆளுங்களைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அரியலூர்ல கம்பெனிப் பேருங்கறது குலதெய்வம் மாதிரி. பூமிக்கு அடியில சுண்ணாம்புக்கல்லு, அதுக்கு மேல சிமெண்ட் ஆலை. அரசோட டான்செம் ஆலை 1979-ல வந்தது. அப்புறம் ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு, தளவாய்ல இந்தியா சிமெண்ட்ஸ்னு வரிசையா. பக்கத்துல பெரம்பலூர் பக்கம் போனா நாரணமங்கலத்துல எம்.ஆர்.எஃப். டயர். பெரம்பலூர் டவுனுக்கு இன்னிவரைக்கும் ரயில் கிடையாது. ரயிலே வராத ஊருக்கு ஒரு பெரிய கம்பெனி வருதுன்னா சும்மாவா? "அவரு பையன் ஃபேக்டரில இருக்கான்"னு சொன்னா அதுக்கு மேல ஜாதகமே பாக்க வேண்டாம்னு இருந்த காலம் உண்டு.

ஆனா எங்க ஊர்க்காரங்களுக்கு இன்னொரு விஷயமும் நல்லாத் தெரியும். கேட்டுக்குள்ள போறவன் எல்லாம் கம்பெனி ஆள் கிடையாது. அதே கேட், அதே ஹெல்மெட், அதே தூசி. ஒருத்தர் பர்மனன்ட், இன்னொருத்தர் கான்ட்ராக்ட். போனஸ், கேன்டீன், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாமே வேற வேற. இதை எங்க ஊர் ஆறாங்கிளாஸ் பையன்கூடச் சொல்லுவான். அப்படிப்பட்ட ஊரு, சென்னைல கண்ணாடிக் கட்டடம்னு வந்ததும் இதை மொத்தமா மறந்துடுதே, அதான் என் ஆச்சரியம்.

விஷயத்துக்கு வர்றேன். என் சித்தப்பா பொண்ணு பி.காம். முடிச்சுட்டு சி.ஏ. இன்டர் ரெண்டு குரூப்பும் பாஸ் பண்ணிட்டா. எங்க குடும்பத்துல இவ்வளவு தூரம் கணக்குப் படிச்ச மொத ஆள் அவதான். அடுத்தது ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ப்ராக்டிஸ் பண்ற ஆடிட்டர்கிட்ட சேந்து வேலை கத்துக்கணும். முன்னாடி மூணு வருஷம் இருந்ததை 2023-ல வந்த புதுத் திட்டத்துல ரெண்டு வருஷமாக் குறைச்சுட்டாங்க. திருச்சி தில்லைநகர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல எடுத்துக்கறேன்னு சொல்லியாச்சு. உதவித்தொகை சில ஆயிரம். ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் போக சோறு மிஞ்சினா அதிர்ஷ்டம்.

இந்த நேரம் பாத்து சென்னைல இருந்து ஒரு ஆஃபர். உலகத்துல நாலு பெரிய ஆடிட் கம்பெனி இருக்கே, அதுல ஒண்ணோட டெலிவரி சென்டர். மாசம் முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழ. சித்தப்பா தெருவுக்கே சொல்லிட்டாரு. "அந்தக் கம்பெனியிலயே எடுத்துட்டாங்க, இனிமே எதுக்கு சி.ஏ.?"

தெரியாதவங்களுக்காக ஒரு விளக்கம். இந்த நாலு கம்பெனிக்கும் இங்க ரெண்டு முகம் இருக்கு. ஒண்ணு, இந்தியக் கம்பெனிகளோட கணக்கைத் தணிக்கை பண்ற ஆபீஸ். இன்னொண்ணு ஹைதராபாத், பெங்களூர், சென்னைன்னு இருக்கற டெலிவரி சென்டர்கள். அமெரிக்காவுலயும் லண்டன்லயும் இருக்கற அவங்க ஆபீசுக்கு இங்க இருந்து வேலை செஞ்சு கொடுக்கறது. ஐ.டி. கார்டுல லோகோ ஒண்ணுதான். வேலை வேற, கத்துக்கறது வேற, அஞ்சு வருஷம் கழிச்சுப் போய்ச் சேர்ற இடமும் பெரும்பாலும் வேற. டெலிவரி சென்டர் மட்டம்னு நான் சொல்ல வரல. அங்க பெரிய பெரிய வேலை பாக்கறவங்க எனக்கே தெரியும். ஆனா இருபத்தோரு வயசுல இன்டரோட நிறுத்திட்டு உள்ள போறவளுக்கு எந்த மேசை கெடைக்கும்? அதை ஆஃபர் லெட்டர்ல யாரும் எழுதித் தர்றதில்ல.

சித்தப்பாகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு, கடைசியில ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் ஒரு சிமெண்ட் ஆலையில பேக்கிங் செக்‌ஷன்ல இருபத்தி நாலு வருஷமா இருக்காரு. "சித்தப்பா, நீங்க அங்க பர்மனன்ட்டா, கான்ட்ராக்டா?"

கொஞ்ச நேரம் போன்ல சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாரு: "கான்ட்ராக்ட்தான்டா. ஆனா அந்தக் கம்பெனி பேரைச் சொல்லித்தான் உங்க சித்தியப் பொண்ணு கேட்டேன். அந்தப் பேரைச் சொல்லித்தான் சொசைட்டில லோன் வாங்கி இவளப் படிக்க வெச்சேன்."

என்னத்தச் சொல்ல. மேதாவித்தனமா ஆரம்பிச்சு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

யோசிச்சுப் பாத்தா என் கதையும் அவர் கதைதான். பெரம்பலூர்ல ஒரு எஞ்சினியரிங் காலேஜ். 2018 பேட்ச். கேம்பஸ்ல ஒரு பெரிய ஐ.டி. கம்பெனி எடுத்துச்சு, வருஷம் மூணு லட்சத்துச் சொச்சம். ஏழு மாசம் பெஞ்ச். அப்புறம் ஒரு சப்போர்ட் ப்ராஜெக்ட், ராத்திரி ஷிப்டுல ஓடாத ஜாபை மறுபடி ஓட விடறது. ரெண்டு வருஷத்துல நான் உருப்படியாக் கத்துக்கிட்டது நாற்காலில உக்காந்தபடியே தூங்கறது. என் ரூம்மேட் பெருங்குடியில பன்னெண்டு பேர் இருந்த ஒரு கம்பெனியில சேந்தான். டேட்டாபேஸ், சர்வர், கஸ்டமர்கிட்ட திட்டு வாங்கறதுன்னு எல்லாத்தையும் அவனே பாத்தான். 2020-ல கொரோனா வந்து அந்தக் கம்பெனியை மூடிட்டாங்க. அடுத்த வேலை கெடைக்க அவனுக்குப் பத்து மாசம் ஆச்சு. நான் மாறணும்னு நெனச்சப்போ எனக்கு மூணே வாரம். கோடு எழுதறதுல அவன் கால் தூசிக்கு நான் ஆக மாட்டேன், இது சத்தியம்.

அதனாலதான் இணையத்துல யாராவது "பிராண்ட் பாக்காதீங்க, கத்துக்கறதைப் பாருங்க"ன்னு உபதேசம் பண்ணா எனக்குப் பத்திக்கிட்டு வரும். மைலாப்பூர்ல அப்பா ஆடிட்டர், மாமா வங்கில ஜெனரல் மேனேஜர்னா பிராண்ட் பாக்காம இருக்கலாம். அவங்களுக்கு ஒரு போன் கால்ல இன்டர்வியூ வரும். எங்களுக்கு சிபாரிசு பண்ண மாமா கிடையாது. கம்பெனி பேருதான் மாமா.

கெல்லாக்ல பேராசிரியரா இருக்கற லாரன் ரிவேரா 2015-ல ஒரு புத்தகம் எழுதினாங்க. அமெரிக்காவுல பெரிய முதலீட்டு வங்கி, கன்சல்டிங், வக்கீல் கம்பெனிகள் எப்படி ஆள் எடுக்கறாங்கன்னு உள்ள இருந்தே பாத்து எழுதினது. படிச்ச காலேஜ் பேரு, பொழுதுபோக்கு, "நம்மாளு மாதிரி இருக்கானா"ங்கற நெனப்பு, இதெல்லாம் எவ்வளவு தூரம் முடிவு பண்ணுதுன்னு காட்டினாங்க. படகு ஓட்டுவேன்னு ரெஸ்யூமேல இருந்தா நல்லதாம். நாங்க ஏரியில எருமை மேல சவாரி பண்ணதை எந்தக் காலத்துல எந்த ரெஸ்யூமேல போடறது? :-)

அதே 2015-ல வார்ட்டன்ல இருக்கற மேத்யூ பிட்வெல்லும் கூட சில பேரும் முதலீட்டு வங்கிகளை வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பெரிய பேர் உள்ள வங்கி அதிகச் சம்பளம் குடுக்குதான்னு பாத்தா, மேல போகப் போகத்தான் அந்த வித்தியாசம் பெருசாகுது, கீழ சேர்றவங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்ல. ஏன்னா சின்னப் பசங்க அந்தப் பேருக்காகவே வர்றாங்க, பின்னாடி ரெஸ்யூமேல போட்டுக்கலாமே. அதாவது பேரையும் சம்பளத்துல ஒரு பகுதியாத் தர்றாங்க. இதைப் படிச்சதும் எனக்கு நம்ம ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகள்தான் ஞாபகம் வந்துச்சு. ஃப்ரெஷர் சம்பளம் பதினஞ்சு வருஷத்துக்கு மேல மூணு, மூணரை லட்சத்தையே சுத்திச் சுத்தி வருது. பருப்பு விலை அங்கயேவா நின்னுச்சு? ஆனாலும் வரிசையில நிக்கறோம், பேருக்காக. 2022 பேட்ச்ல ஆஃபர் வாங்கிட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல இன்ஃபோசிஸ்ல சேரக் காத்திருந்தவங்களும், 2025 பிப்ரவரியில மைசூர்ல டெஸ்ட் பாஸ் பண்ணலன்னு அனுப்பப்பட்ட முன்னூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களும் அந்தப் பேரை நம்பித்தான் இருந்தாங்க.

அந்தப் பேரும் சாஸ்வதம் இல்ல. 2002-ல ஆர்தர் ஆண்டர்சன் கவுந்தப்போ உலகம் முழுக்க எண்பத்தஞ்சாயிரம் பேர் அங்க வேலை பாத்தாங்க. என்ரான் பேப்பரைக் கிழிச்சதுல அவங்கள்ல எத்தனை பேருக்குப் பங்கு? 2005-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணப்போ கம்பெனியே இல்ல. 2009 ஜனவரி 7-ம் தேதி சத்யம் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினாரு, அம்பதாயிரம் பேரோட ரெஸ்யூமேல இருந்த பேரு ஒரே நாள்ல வேற அர்த்தம் ஆயிடுச்சு. இன்னொரு பக்கம் 2010-ல சென்னையில ஆரம்பிச்ச ஃப்ரெஷ்டெஸ்க். அந்தப் பேரை 2012-ல அரியலூர் டீக்கடையில சொல்லியிருந்தா ஃபிரிட்ஜ் கம்பெனியான்னு கேட்டிருப்பாங்க. ஃப்ரெஷ்வொர்க்ஸா மாறி 2021-ல நாஸ்டாக்ல பட்டியலானப்போ ஐநூறு ஊழியர்களுக்கு மேல கோடீஸ்வரங்க. ஆனா இதைக் காட்டி யாருக்கும் நான் அறிவுரை சொல்ல மாட்டேன். ஜெயிச்ச ஒண்ணு நமக்குத் தெரியும், மூடின நூத்துல ஒண்ணு என் ரூம்மேட்டோடது.

இப்ப ஒரு பாவமன்னிப்பு. போன வருஷம் எங்க டீமுக்கு ஆள் எடுத்தோம். ஹெச்.ஆர். அறுபது ரெஸ்யூமே அனுப்பினாங்க. "நாளைக்குள்ள பத்தாக் கொறைச்சுக் குடு"ன்னுட்டாரு டேமேஜர். ராத்திரி பதினோரு மணி. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? தெரிஞ்ச கம்பெனி பேர் இருந்தா இந்தப் பக்கம், இல்லேன்னா அந்தப் பக்கம். அரை மணி நேரத்துல முடிச்சுட்டுப் படுத்துட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு வேற எதையோ தேடறப்போ, ஒதுக்கி வெச்சதுல ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. நான் படிச்ச அதே காலேஜ், எனக்கு நாலு வருஷம் ஜூனியர். திருச்சியில யாருக்கும் தெரியாத ஒரு கம்பெனியில, கடைகளுக்கு ஜி.எஸ்.டி. பில்லிங் சாஃப்ட்வேர் முக்கால்வாசி தனியா எழுதியிருக்கான். நாங்க தேடின ஆள் கரெக்டா அவன்தான். அதுக்குள்ள இடம் நிரம்பிடுச்சு. மெயில் போட்டு மன்னிப்புக் கேக்கலாம்னு நெனச்சேன். எதுக்குன்னு எழுதறது? போடல.

மைலாப்பூர் மாமாவைத் திட்டறது சுலபம். வலைப்பதிவு எழுதற நம்மள்ல பாதிப் பேர் இப்ப இன்டர்வியூ எடுக்கற இடத்துல இருக்கோம். பேரை வெச்சுப் பிரிக்கற அந்த ஆளு நாமதான் சாமி. நான் இப்ப ஒரு வேலை பண்றேன். ரெஸ்யூமே வந்தா மொத தடவை கம்பெனி பேர் இருக்கற காலத்தைக் கையால மறைச்சுக்கிட்டு, என்ன செஞ்சிருக்காங்கங்கறதை மட்டும் படிக்கறேன். டேமேஜர் பாத்துச் சிரிக்கறாரு. அறுபது ரெஸ்யூமேக்கு ரெண்டரை மணி நேரம் ஆகுது. ஆகட்டும்.

தங்கச்சி விஷயத்துல என் முடிவு இதுதான்: திருச்சிக்குப் போகட்டும். சின்ன ஆடிட்டர் ஆபீஸ்ல ஜி.எஸ்.டி.யில இருந்து மார்ச் முடிஞ்சதும் வர்ற பேங்க் ஆடிட் வரைக்கும் ஒரு முழுக் கணக்கு எப்படி இருக்கும்னு பாப்பா. ரெண்டு வருஷம்தான். சி.ஏ. முடிச்சுட்டு அதே பெரிய பேருக்குள்ள போனா வேற மேசை கெடைக்கும். ஃபைனல்ல தேறலன்னா? அந்தக் கேள்விக்கு என்கிட்ட நேர்மையான பதில் இல்ல, அப்ப இந்த முப்பதாயிரத்தை நெனச்சு எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க. ரெண்டு வருஷ ஹாஸ்டல் செலவை நான் பாத்துக்கறேன்னு சித்தப்பாகிட்ட சொன்னேன். அதுக்கும் கோவிச்சுக்கிட்டாரு.

நேத்து அவளே போன் பண்ணா. எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "அண்ணே, ஒருவேளை நான் ஃபைனல் எழுதாம திருச்சி ஆபீஸ் பேரோட மட்டும் உங்க கம்பெனிக்கு அப்ளை பண்ணா, உங்க ஃபைனான்ஸ் டீம்ல என் ரெஸ்யூமேவப் படிப்பாங்களா?"ன்னா. கேட்டுச் சொல்றேன்னேன். இன்னிக்கு மத்தியானம் கேன்டீன்ல அவங்க மேனேஜரைப் பிடிச்சுக் கேட்டேன். "எந்த ஆடிட்டர்?"னாரு. பேரைச் சொன்னேன். "கேள்விப்பட்டதில்லையே"ன்னு சாம்பார் ஊத்திக்கிட்டாரு.

ஆஃபருக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். சின்ன ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணிட்டு வந்தவங்க, டெலிவரி சென்டர்ல இருந்துக்கிட்டே சி.ஏ. முடிச்சவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே. அவளையே வந்து படிக்கச் சொல்லியிருக்கேன். கும்மி அடிக்கறவங்க மட்டும் சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க.