மிதிவெடி அகற்றுவோர் சென்ற பின்னர் யாரிடம் சொல்வோம்?

வன்னியில் ஒருவர் தமது காணியைத் துப்புரவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பற்றைகளை வெட்டி, வேலிக்குக் கிடங்கு கிண்டும்போது மண்ணுக்குள் வட்டமான பிளாஸ்டிக் பொருளொன்று தென்படுகிறது. அவர் அதைத் தொடவில்லை. வந்த வழியே மெல்லத் திரும்பி வருகிறார். பிள்ளைகளை அந்தப் பக்கம் போக வேண்டாம் என்கிறார். மிதிவெடி அகற்றும் நிறுவனமொன்றின் வாகனம் அன்றாடம் அவருடைய வீதியால் போய் வருகிறது. அதை மறித்துச் சொல்லிவிடுகிறார். அடுத்த நாளே ஆட்கள் வந்து பார்க்கிறார்கள்.

இது நமக்குப் பழகிப்போன காட்சி. ஆனால் அந்த வாகனம் வராத காலம் ஒன்று வரும். அப்பொழுது அவர் யாரிடம் சொல்வார்? சொன்னால் கேட்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்குமா? இந்தக் கேள்வியை இப்போதே நாம் கேட்டுக்கொள்வது நல்லது.

நாம் கடந்து வந்த பாதை

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர் வடக்கு கிழக்கில் மிதிவெடி அகற்றும் பணி பரந்த அளவில் தொடங்கியது. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற அனைத்துலக நிறுவனங்கள் வந்தன. வன்னியில் நோர்வே மக்கள் உதவி அமைப்பின் துணையுடன் உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்றார்கள். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஆலோசகர்கள் மாவட்ட நிர்வாகத்துடன் இணைந்து, எந்தக் காணியை முதலில் துப்புரவு செய்வது, தரவுகளை எவ்வாறு பேணுவது என்று வழிகாட்டினார்கள்.

அந்த நாட்களில் நம் மண்ணுக்கென்றே ஒரு முறையும் உருவாயிற்று. இங்கு புதைக்கப்பட்ட மிதிவெடிகளில் பல, உலோகம் மிகக் குறைந்த பிளாஸ்டிக் வெடிகள். உலோகம் கண்டுபிடிக்கும் கருவிக்கு அவை எளிதில் அகப்படுவதில்லை. எனவே தோட்டத்து விறாண்டி போன்ற நீண்ட பிடியுள்ள கருவிகளால் மண்ணைச் சிறிது சிறிதாக வாரி எடுத்துத் தேடும் முறை கையாளப்பட்டது. விலையுயர்ந்த இயந்திரம் ஏதுமின்றி, பொறுமையையும் பயிற்சியையும் மட்டும் நம்பிய முறை அது. வெளியார் கற்பித்ததும் நம்மவர் அறிந்திருந்ததும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

பின்னர் மீண்டும் போர் மூண்டது. பழைய வெடிகளுடன் புதியவையும் சேர்ந்தன. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, முகமாலை போன்ற முன்னரங்கப் பகுதிகள் உலகிலேயே மிதிவெடிகள் செறிந்து கிடந்த இடங்களுள் ஒன்றாக இருந்தன. 2010-இல் தேசிய மிதிவெடி செயற்பாட்டு நிலையம் அமைக்கப்பட்டது. அதன் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியில் இயங்குகிறது. இராணுவத்தின் மிதிவெடி அகற்றும் பிரிவோடும் வெளிநாட்டு நிறுவனங்களோடும், டாஷ், ஷார்ப் என்னும் உள்நாட்டு நிறுவனங்களும் களத்தில் இறங்கின. 2017-இல் மட்டக்களப்பு, மிதிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இலங்கை ஒட்டாவா ஒப்பந்தத்தில் இணைந்தது. இவ்வொப்பந்தம் 2018 ஜூன் 1 முதல் நம் நாட்டைக் கட்டுப்படுத்துகிறது. அறியப்பட்ட மிதிவெடி நிலங்கள் அனைத்தையும் பத்து ஆண்டுகளுக்குள் துப்புரவு செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதன்படி நமக்குரிய இறுதி நாள் 2028 ஜூன் 1 ஆகும். தேவையேற்படின் கால நீடிப்புக் கேட்கலாம். ஆனால் நீடிப்பு என்பது வேலை தங்கியிருக்கிறது என்பதற்கான சான்றே தவிர, அதுவே ஒரு தீர்வு ஆகாது.

இரு வேறு ஆற்றல்கள்

“நம்மிடம் ஆற்றல் இல்லையா? இத்தனை ஆண்டுகளாக வெடி அகற்றுவது நம் பிள்ளைகள்தானே?” என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். கொளுத்தும் வெயிலில் முகக்கவசம் அணிந்து, முழந்தாளிட்டு மண்ணை வாருவோர் நம் ஊர்ப் பிள்ளைகளே. அவர்களுள் பெரும் எண்ணிக்கையினர் பெண்கள். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் தாய்மார் பலர்.

ஆயினும் இங்கே இரண்டு ஆற்றல்களை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். வெடியை எடுப்பது ஓர் ஆற்றல். எந்த நிலம் துப்புரவானது, எது ஆகவில்லை, யார் எப்போது சோதித்தார்கள், புதிதாக ஒன்று தென்பட்டால் யார் பொறுப்பு என்பவற்றை அறிந்து நிர்வகிப்பது மற்றோர் ஆற்றல். முதலாவது நம்மிடம் நன்றாகவே வளர்ந்துள்ளது. இரண்டாவதோ பெரும்பாலும் நிறுவனங்களின் அலுவலகங்களிலும் தேசிய மட்டத்திலுமே தங்கியிருக்கிறது. பிரதேச செயலகத்துக்கும், பிரதேச சபைக்கும், கிராம அலுவலருக்கும் அது போதிய அளவு இறங்கி வரவில்லை என்பதே நம் கவலை.

உலகின் நிலையும் இக்கவலையை மிகைப்படுத்துகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது, பல நாடுகளில் மிதிவெடி அகற்றும் பணிகள் ஒரே நாளில் தடைப்பட்டன. ஒரு தலைநகரில் போடப்படும் கையெழுத்து மற்றொரு நாட்டின் வயல் வேலையை நிறுத்தும் என்றால், அந்த வேலை எவ்வளவு இரவல் பலத்தில் நிற்கிறது என்பது விளங்கும். அதே 2025-இல் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐரோப்பிய நாடுகள் ஒட்டாவா ஒப்பந்தத்திலிருந்து விலகத் தீர்மானித்தன. உலகின் பார்வை புதிய போர்களின் பக்கம் திரும்பும்போது, பழைய போரின் எச்சங்கள் மறக்கப்படுவது எளிது.

மொசாம்பிக் கற்பிக்கும் பாடம்

இதே நிலையைக் கடந்து வந்த ஒரு நாட்டைப் பார்ப்போம். ஆபிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் நீண்ட உள்நாட்டுப் போரை முடித்துவைத்த சமாதான ஒப்பந்தம் 1992 அக்டோபர் 4 அன்று உரோமை நகரில் கைச்சாத்தானது. சான் எஜிதியோ என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழுமம் அதற்கு இடமும் துணையும் அளித்தது. பெய்ரா நகரின் பேராயர் ஜெய்மே கொன்சால்வெஸ் இணக்கம் பேசியவர்களுள் ஒருவர். ஆனால் ஒப்பந்தத்தின் மை காய்ந்த பின்னரும் வயல்களிலும் பாலங்களின் அடியிலும் வெடிகள் காத்திருந்தன. அந்நாடு மிதிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது 2015 செப்டெம்பர் 17 அன்றுதான். இறுதியாக அறியப்பட்டிருந்த வெடி, ஒரு ரயில் பாலத்தின் அடியில் வைத்துத் தகர்க்கப்பட்டது. உடன்படிக்கைக்கும் அந்த இறுதி வெடிக்கும் இடையில் ஏறத்தாழ 23 ஆண்டுகள்!

அவர்களும் முதலில் குறித்த 2009-ஐத் தவறவிட்டவர்களே. பின்னர் அவர்களுக்குக் கைகொடுத்தவற்றுள் இரண்டு நாம் கவனிக்கத்தக்கவை. ஒன்று, மாவட்டம் மாவட்டமாக வேலையை முடித்த முறை. அந்தந்த ஊர் மக்களிடமும் தலைவர்களிடமும், “உங்களுக்குத் தெரிந்து சந்தேகத்துக்கு இடமான நிலம் இன்னும் உண்டா?” என்று கேட்டறிந்தார்கள். மேசையில் இருந்த வரைபடம் சொன்னதைவிட ஊரார் சொன்னதற்கு மதிப்புக் கிடைத்தது. மற்றொன்று, நிறுவனங்கள் வெளியேறுமுன் உள்ளூர்ப் பொலிசாருக்குப் பயிற்சி அளித்தார்கள். எஞ்சிய வெடி ஏதும் பின்னர் கண்டெடுக்கப்பட்டால் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்பதை அவர்கள் முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள்.

ஏனெனில் “மிதிவெடி அற்றது” என்பதன் பொருள், அறியப்பட்ட நிலங்கள் யாவும் துப்புரவாயின என்பதே. அறியப்படாத ஒன்று எங்கும் கிடக்காது என்று எந்த நிபுணரும் உறுதி கூற மாட்டார். முதலாம், இரண்டாம் உலகப் போர்களின் குண்டுகள் ஐரோப்பாவில் இன்றும் கட்டட வேலைகளின்போது வெளிவருகின்றன. அங்கே மக்கள் பதறுவதில்லை. காரணம், யாரை அழைப்பது என்று எல்லாருக்கும் தெரியும்.

உள்ளூர் அதிகாரிகள் முன்னுள்ள கடமை

அப்படியானால் நம் மாவட்ட, பிரதேச நிர்வாகங்களுக்கு எத்தகைய ஆலோசனை தேவை? நமக்குத் தோன்றுபவற்றை இங்கே முன்வைக்கிறோம்.

முதலாவது, பதிவுகள். துப்புரவு செய்யப்பட்ட நிலங்களின் வரைபடமும் ஒப்படைப்புச் சான்றுகளும் பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும், தமிழில், யாரும் பார்க்கக்கூடிய விதத்தில் இருக்க வேண்டும். வீடு கட்ட அனுமதி கேட்டாலும், குளம் திருத்தினாலும், வீதி அகலித்தாலும், மணல் அள்ள விண்ணப்பித்தாலும் அந்த வரைபடத்தைப் புரட்டிப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. பழக்கமே தேவை.

இரண்டாவது, இடமாற்றம் என்னும் சிக்கல். நம் நாட்டில் அதிகாரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறுவது வழக்கம். பயிற்சி பெற்றவர் மாறிப்போகும்போது அவர் கற்றதும் அவருடன் வண்டி ஏறிப் போய்விடுகிறது. எனவே பயிற்சி ஆளுக்கல்ல, பதவிக்கு உரியதாக வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொருவரும் முதல் மாதத்திலேயே இதைக் கற்க வேண்டும் என்று எழுதிவைத்தால் மட்டுமே அறிவு அலுவலகத்தில் தங்கும்.

மூன்றாவது, தகவல் செல்லும் பாதை. கிராம அலுவலர், பொலிஸ், வெடிபொருள் செயலிழக்கச் செய்யும் பிரிவு என்ற வரிசை ஒவ்வொரு ஊரிலும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தகவல் சொன்னவர் அலைக்கழிக்கப்படவோ, சந்தேகக் கண்கொண்டு விசாரிக்கப்படவோ கூடாது. ஒருவர் ஒருமுறை அவ்வாறு கசப்படைந்தால், அடுத்தமுறை ஊரே வாய் திறக்காது. பழைய இரும்பு பொறுக்கிப் பிழைக்கும் ஏழைகள் விடயத்தில் இது இன்னும் முக்கியம். அவர்களே அபாயத்துக்கு மிக அருகில் இருப்பவர்கள்.

நான்காவது, எந்த நிலம் முதலில் என்ற தீர்மானம். மீள்குடியேறக் காத்திருக்கும் குடும்பத்தின் காணியா, வருமானம் தரும் பெருநிலமா என்ற கேள்வி எழும்போது, வலியவரின் குரலே முதலில் கேட்கும். ஊர்க் கூட்டத்தில், பெண்களும் இருக்கும்போது, காரணம் சொல்லித் தீர்மானிப்பதே நீதி.

ஐந்தாவது, வெடி அகற்றும் பணியாளர்களின் நாளை. வேலை முடிந்ததும் அவர்கள் வெறுங்கையுடன் வீடு திரும்புவார்களாயின், நாட்டைப் பாதுகாத்தவர்களுக்கு நாம் காட்டும் நன்றி அது அல்ல. அவர்களுள் ஒரு சிலரையாவது உள்ளூர் நிர்வாகத்திலும் அனர்த்த முகாமைத்துவத்திலும் அமர்த்தினால், அவர்களின் பிழைப்பும் காக்கப்படும், அவர்களின் அனுபவமும் வீணாகாது.

2025 மே 6 அன்று நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் நம் வாக்குகளால் பிரதேச சபைகளுக்குப் புதிய உறுப்பினர்கள் தெரிவானார்கள். 2028 என்னும் அந்த எல்லை அவர்களின் பதவிக் காலத்துக்குள்ளேயே வருகிறது. வீதி விளக்கும் வடிகாலும் கேட்டு அவர்களை நாடும் நாம், இதையும் கேட்கலாம் அல்லவா?

ஆலோசனை கூற வருவோருக்கும் ஒரு வார்த்தை. பட்டறைகள் எத்தனை நடந்தன, சான்றிதழ்கள் எத்தனை வழங்கப்பட்டன என்று எண்ணுவது எளிது. ஆலோசகர் இல்லாத ஒரு திங்கட்கிழமை காலையில் கிராம அலுவலர் சரியாகச் செயற்பட்டாரா என்பதே உண்மையான அளவுகோல். தான் தேவைப்படாமல் போகும் நாளை நோக்கி உழைப்பவரே நல்ல ஆலோசகர்.

நம் பங்குகளில்

ஒட்டாவா ஒப்பந்தம் 1997 டிசம்பரில் கைச்சாத்துக்குத் திறக்கப்பட்டபோதே திருப்பீடம் அதில் ஒப்பமிட்டது. அடுத்த ஆண்டு பெப்ரவரியிலேயே அதை உறுதிப்படுத்தியது. ஆகவே இது நமக்குப் புறம்பான காரியம் அன்று. 2008-இல் மடுமாதாவின் திருச்சொரூபம் போரின் நெருக்கடியால் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டதை மறவாத மக்கள் நாம். பாதை பாதுகாப்பற்றுப் போனால் ஒரு திருத்தலமே தனித்துப் போகும் என்பதைக் கண்டவர்கள்.

பங்குப் பேரவைகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிராம அலுவலரை அழைத்து, “நம் ஊரில் எஞ்சிய நிலம் எது? கண்டால் யாருக்குச் சொல்வது?” என்று கேட்கலாம். மறைக்கல்வி வகுப்பில் ஆசிரியர்கள், “தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவரிடம் சொல்” என்ற மூன்றையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டலாம். போரைக் காணாத தலைமுறை வளர்ந்துவிட்டது. அவர்களுக்கு அந்த வட்டமான பொருள் விளையாட்டுச் சாமான் போலத்தான் தெரியும்.

மண்ணிலிருந்து வெடியை எடுக்கும் கைகள் ஒருநாள் ஓயும். அவை ஓய வேண்டும் என்பதே நம் விருப்பமும். ஆனால் அந்நாளில், காணியைத் துப்புரவு செய்பவர் தயங்காமல் போய்ச் சொல்ல ஒரு கதவு ஊரிலேயே திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவைத் திறந்து வைப்பது நம் எல்லாரின் பொறுப்பு.