டோப்பா



மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்புக்கு வந்த சங்கச் செயலாளர், "உங்க கட்டுரை மகளிர் முன்னேற்றம்தானே?" என்று கேட்டார். இல்லை. அதை வருஷா வருஷம் யாராவது எழுதிவிடுகிறார்கள். நான் எழுதப் போவது டோப்பாவைப் பற்றி. சிரிக்க வேண்டியவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிடுங்கள். காத்திருக்கிறேன்.

முடிந்ததா? சரி, விஷயத்துக்கு வருவோம்.

என் தலையில் ஒரு முடிகூட இல்லை. இரண்டாம் ஆண்டு பாதி வரைக்கும் இது வகுப்பில் மூன்று பேருக்குத்தான் தெரியும். இப்போது வாட்ச்மேன் தாத்தா வரை எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு நேரத்தில் பின்னந்தலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் விழுந்தது. ஊரில் இதற்குப் புழுவெட்டு என்று பெயர். உண்மையில் எந்தப் புழுவும் வெட்டுவதில்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் முடியின் வேரைத் தாக்குகிறது. மருத்துவத்தில் இதற்குப் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது. பலருக்கு ஒன்றிரண்டு வட்டத்தோடு நின்று, முடி திரும்ப முளைத்துவிடும். சிலருக்குத் தலை முழுவதும் கொட்டிவிடும். அதை அலோபீசியா டோட்டாலிஸ் என்கிறார்கள். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. இது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. என் பக்கத்தில் உட்கார்ந்தாலோ, என் சீப்பை எடுத்து வாரினாலோ யாருக்கும் வராது. (உனக்கு எதுக்குச் சீப்பு என்கிறீர்களா? டோப்பாவுக்கு யார் வாருவது?)

என் தலையில் தேய்க்காத எண்ணெய் இல்லை. சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்துத் தேய்த்து, வீட்டில் சாம்பாருக்கு வெங்காயம் மிஞ்சாத நாளெல்லாம் உண்டு. "ஆறு மாசத்தில் முடி கேரண்டி" என்று போர்டு போட்ட ஒரு சிகிச்சை மையத்தில் அப்பா கட்டிய பணம் 40,000 ரூபாய். தறி ஓட்டுகிறவருக்கு 40,000 என்றால் என்ன என்று நம் கல்லூரியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முடியும் வரவில்லை, பணமும் வரவில்லை. அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரம்மாதான் உண்மையைச் சொன்னார்கள்: "திரும்ப வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. கேரண்டின்னு யார் சொன்னாலும் எழுந்து வந்துடு." பாரிசிடினிப் என்ற மாத்திரைக்கு 2022-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது. நிறுத்தினால் மறுபடி கொட்டக்கூடும். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாத மருந்து அது. ஆக, மருத்துவம் ஒரு பக்கம் நடக்கட்டும். அதுவரை தலைக்கு என்ன செய்வது? டோப்பாதான்.

முதல் டோப்பா வாங்கியது அத்தை மகள் கல்யாணத்துக்கு. "நாலு பேரு வர்ற இடம், ஒரு சந்தேகம் வரக்கூடாது" என்று வீட்டில் முடிவு செய்தார்கள். உண்மை முடியில் செய்தது, இடுப்பு வரை நீளம், விலை 26,000 ரூபாய். வட்டிக்கு வாங்கிய பணம். அம்மா அதில் பூ வைத்துப் பார்த்து அழுதார்கள். எனக்கும் கண்ணாடியில் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அதையே மாட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன்.

நண்பர்களே, பார்க்க நன்றாக இருப்பது வேறு, எட்டு மணி நேரம் தலையில் இருப்பது வேறு! கெமிஸ்ட்ரி லேப் தராசில் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் நிறுத்துப் பார்த்தேன். 310 கிராம். சித்திரை வெயிலில், டவுன் பஸ் நெரிசலில், வழுவழுவென்ற தலையில் 310 கிராம். வேர்வை வந்தால் வழுக்கும். வழுக்காமல் இறுக்கினால் பத்து மணிக்கெல்லாம் தலைவலி. ஜன்னல் ஓரம் உட்கார மாட்டேன். விளையாட மாட்டேன். சத்தமாகச் சிரிக்கக்கூட மாட்டேன். சிரித்தால் தலை ஆடுமே!

நான்காவது செமஸ்டரில் ஒருநாள் ஒர்க்‌ஷாப். டிரில்லிங் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் ஃபீட் ஹேண்டில், இன்னொரு கையில் வைஸ். குனிந்தபோது டோப்பா முன்பக்கமாக நழுவியது. அந்த ஒரு நொடியில் நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. இரண்டு கையையும் விட்டுவிட்டுத் தலையைப் பிடித்தேன். பிட் சிக்கி ஜாப்போடு வைஸும் சுற்ற ஆரம்பித்தது. இன்ஸ்ட்ரக்டர் பாய்ந்து வந்து ஸ்விட்சை அடித்தார். என் விரலுக்கும் வைஸுக்கும் இடையில் அரை அங்குலம் இருந்திருக்கும்.

"ஏம்மா, முடி முக்கியமா கை முக்கியமா?" என்று கத்தினார். அவருக்கு விஷயம் தெரியாது. எனக்கு என்ன தோன்றியதோ, கழற்றி வொர்க் பெஞ்ச் மேல் வைத்துவிட்டேன். ஷாப் முழுக்க அமைதி. லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பக்கத்து மெஷினில் இருந்த பையன் (இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவன்) தோளில் கிடந்த காட்டன் துண்டை எடுத்து நீட்டினான். "கட்டிக்கிட்டு மிச்ச ஹோலையும் போட்டுடு, டைம் ஆவுது" என்றான். அவ்வளவுதான். நானும் கட்டிக்கொண்டு போட்டேன். அன்றைக்கு என் ரெக்கார்டில் பத்துக்கு ஒன்பது.

அன்று இரவு யோசித்தேன். அப்பா கொடுத்த 26,000-இல் முடியின் விலை எவ்வளவு, பயத்தின் விலை எவ்வளவு? "யாரும் கண்டுபிடிக்கக்கூடாது" என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவ்வளவு நீளம், அவ்வளவு அடர்த்தி, அவ்வளவு கனம், அவ்வளவு வட்டி. அந்தப் பயத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சும் தேவை ரொம்பச் சின்னது. அதனால் என் கருத்து இதுதான்: பயமில்லாமல் கழற்றி வைக்கக்கூடியதுதான் நல்ல டோப்பா. கழற்ற முடியாத டோப்பா எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் நமக்கு விலங்கு.

இப்போது என்னிடம் இருப்பது செயற்கை இழையில் செய்தது. கழுத்து வரை நீளம், 85 கிராம், விலை 3,200 ரூபாய். நம்மில் யாருக்காவது, நம் வீட்டில் அக்காவுக்கோ, கீமோதெரபி எடுக்கும் அம்மாவுக்கோ தேவைப்படலாம். ஆகவே பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அளவு. லிமிட்ஸ், ஃபிட்ஸ் படித்த நமக்கு இது சுலபம். இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட் என்றால் தலைவலி, கிளியரன்ஸ் ஃபிட் என்றால் காற்றில் பறக்கும். இரண்டுக்கும் நடுவில் வேண்டும். தையல் டேப்பை நெற்றியில் முடி தொடங்க வேண்டிய இடத்தில் வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டு போய், பிடரியைச் சுற்றித் திரும்பக் கொண்டு வாருங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 57 செ.மீ. வரை வரும். எனக்கு 53. முடி உள்ளவர்கள் போட்டால் அவர்கள் முடியே கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்ளும். நமக்கு அது இல்லை, அதே சைஸ் லூஸாகும். பிடரியில் இழுத்து மாட்டும் கொக்கியோ பட்டையோ கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, உள்பக்கம். கடைக்காரர் முடியைத்தான் தடவிக் காட்டுவார். நீங்கள் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பாருங்கள். விலை குறைந்த பலவற்றில் வரிசை வரிசையாக முடிப்பட்டைகளைத் தைத்து, நடுவில் இடைவெளி விட்டிருப்பார்கள். சொந்த முடி இருப்பவர்களுக்கு அது காற்றோட்டம். வெறும் தலைக்கு அந்தத் தையல் முள்ளாகக் குத்தும். மெல்லிய வலைத்துணி அல்லது மிருதுவான உள்துணி வைத்ததாகப் பாருங்கள். முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். அங்கே அரித்தால் தலையிலும் அரிக்கும். கொஞ்சம் முரடாக இருந்தால் உள்ளே மெல்லிய காட்டன் குல்லாய் போட்டுக்கொள்ளலாம். வேர்வையையும் அது உறிஞ்சிக்கொள்ளும்.

மூன்றாவது, பிடிமானம். உள்ளே கிளிப் இருந்தால் "நல்லாப் பிடிக்கும்மா" என்பார்கள். கிளிப் எதைப் பிடிக்கும்? பிடிக்க முடி வேண்டுமே! நமக்கு வேண்டியது நெற்றியைச் சுற்றிக் கட்டும் வெல்வெட் பட்டை அல்லது தோலுக்கென்றே வரும் இருபக்க டேப். டேப்பை முதல் நாளே தலையில் ஒட்டாதீர்கள். சின்னத் துண்டைக் கையில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவந்தால் வேண்டாம். கடையிலேயே நன்றாகக் குனிந்து தலையை உலுக்கிப் பாருங்கள். வெட்கப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

நான்காவது, நிறமும் அடர்த்தியும். ஜெட் பிளாக்கும் பந்து மாதிரி அடர்த்தியும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நம் முடி வெயிலில் பார்த்தால் முழுக் கறுப்பு இல்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவு செய்யாமல் கடை வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள்.

ஐந்தாவது, பராமரிப்பு. செயற்கை இழையில் அதிகம் பயன்படுவது மோட்அக்ரிலிக். 35 முதல் 85 சதவீதம் அக்ரிலோநைட்ரைல் கலந்த பாலிமர். சுலபத்தில் தீப்பிடித்துப் பரவாது. ஆனால் சூடு பட்டால் சுருண்டுவிடும். குக்கர் ஆவி, ஃபவுண்டரி உலை, வெல்டிங் பொறி எதன் பக்கத்திலும் போட்டுக்கொண்டு போகக்கூடாது. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே வார வேண்டும். தினமும் போட்டால் நாலிலிருந்து ஆறு மாதம் வரும். உண்மை முடி ஒரு வருஷத்துக்கு மேல் வரும். ஆனால் அதற்கு எண்ணெய், சீரம், சிக்கெடுத்தல் என்று ஒரு குழந்தையை வளர்க்கும் வேலை. மாணவர்களுக்கு அந்த நேரமும் இல்லை, பணமும் இல்லை.

இனி மற்றவர்களுக்கு ஒரு கேள்வி. கல்யாணப் பெண்ணுக்குச் சவுரி வைத்துப் பின்னுகிறோம். அதுவும் அடுத்தவர் முடிதானே? அதைப் பார்த்து யாராவது சிரிக்கிறோமா? பல் போனால் பல்செட், பார்வை மங்கினால் கண்ணாடி. டோப்பாவுக்கு மட்டும் ஏன் காமெடி? பழனியிலும் திருப்பதியிலும் முடி கொடுத்துவிட்டு வந்தால் "நல்லா இருக்கே" என்று மொட்டைத் தலையைத் தடவுகிறோம். அந்த முடிதான் ஏலத்தில் போய், கடல் கடந்து, யார் யார் தலையிலோ டோப்பாவாகிறது. வேண்டிக்கொண்டு போன முடிக்கு மரியாதை, வேண்டாமலே போன முடிக்குக் கேலியா?

2022 ஆஸ்கர் மேடையில் ஜடா பிங்கெட் ஸ்மித்தின் மொட்டைத் தலையைக் கிண்டலடித்த கிறிஸ் ராக்கை, அவர் கணவர் வில் ஸ்மித் அறைந்தார். நம் ஹாஸ்டலிலும் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்ததாம், சீனியர்கள் சொன்னார்கள். அறைந்தது சரியா தப்பா என்று பட்டிமன்றமே நடந்திருக்கிறது. அவருக்கு இருந்ததும் இதே அலோபீசியாதான் என்பதைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? எனக்காக யாரும் யாரையும் அறைய வேண்டாம். ஒரு துண்டு நீட்டினால் போதும்.

கடைசியாக, சங்கத்துக்கு என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, மருத்துவக் காரணம் உள்ளவர்கள் ஒர்க்‌ஷாப்பில் டோப்பாவைக் கழற்றிவிட்டு காட்டன் குல்லாய் போட்டுக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி வேண்டும். சுழலும் மெஷினுக்கும் சூட்டுக்கும் முன்னால் இது பாதுகாப்பு விஷயம். இரண்டு, தேர்வு அறையில் பறக்கும் படை வந்தால் "கழற்று" என்று எல்லோர் முன்னாலும் சொல்லக்கூடாது. சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனி அறையில், பெண்களென்றால் மேடமை வைத்துச் சோதிக்கட்டும். மூன்று, அடையாள அட்டைப் படத்தில் முடியோடு இருக்கிறாள், நேரில் இல்லையே என்று வாசலில் நிறுத்தக்கூடாது. மூன்றுக்கும் ஒரு பைசா செலவில்லை.

அம்மா இன்னும் மாறவில்லை. கழுத்தளவு டோப்பாவைப் பார்த்துவிட்டு, "இதுல எப்படிடி பூ வைப்பே?" என்றுதான் முதலில் கேட்டார்கள். ஹேர்ப்பின் வைத்துக் காட்டினேன். நிற்கிறது. மல்லிகைக்கு அடியில் இருப்பது யார் முடி என்று தெரியுமா என்ன? அதே மணம்தான்.

அந்த 26,000 ரூபாய் டோப்பா பீரோவில் இருக்கிறது. கல்யாணம் காட்சிக்கு ஆசைப்பட்டால் போட்டுக்கொள்வேன். பயப்பட்டுப் போட மாட்டேன். வரும் ஆண்டில் முதலாம் ஆண்டு மாணவியோ மாணவனோ யாராவது தலையைப் பிடித்துக்கொண்டே நம் ஒர்க்‌ஷாப்புக்குள் வரக்கூடும். அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன்.

கை பத்திரம், தோழர்களே. முடி இருக்கட்டும், இல்லாமல் போகட்டும்!

(இறுதியாண்டு மாணவி, இயந்திரவியல் துறை)