96 நாள் ஓயாத ஜெபம்!

சட்டம் பெரிதா? அடைக்கலம் பெரிதா?

இரவு மணி 2.

ஊர் உறங்குகிறது. அந்தக் கோவிலில் மட்டும் விளக்கு எரிகிறது. பாதிரியார் ஒருவர் நின்றுகொண்டு பைபிள் வாசிக்கிறார். எதிரே சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவர் முடிக்கும் முன்பே அடுத்த பாதிரியார் வந்துவிடுகிறார். விட்ட இடத்தில் இருந்து அவர் தொடங்குகிறார். ஜெபம் நிற்கவில்லை. நிற்கவும் கூடாது.

ஏன்?

ஜெபம் நின்றால் போலீசார் உள்ளே வரலாம்!

இது கதை அல்ல. ஹாலந்து நாட்டில், ஹேக் நகரில் நடந்தது. கோவிலின் பெயர் பெத்தேல். 2018-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி தொடங்கிய ஜெபம், 2019-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதிதான் முடிந்தது. மொத்தம் 96 நாட்கள். இரவு பகல் ஓயாத ஜெபம்.

ஆயிரத்துக்கு நெருக்கமான பாதிரியார்கள் முறை வைத்து வந்தார்கள். பக்கத்து நாடுகளில் இருந்தும் வந்தார்கள். ஒரே சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. கத்தோலிக்கரும் உண்டு, புராட்டஸ்டண்டுகளும் உண்டு.

யாருக்காக?

ஒரு குடும்பத்துக்காக. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். அர்மீனியா நாட்டில் இருந்து வந்தவர்கள்.

அப்பா அங்கே அரசியலில் ஈடுபட்டவர். "கொன்றுவிடுவோம்" என்று மிரட்டல் வந்தது. குடும்பத்தோடு ஹாலந்துக்கு ஓடி வந்தார். அடைக்கலம் கேட்டு மனுப் போட்டார்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. குடும்பத்துக்குச் சாதகமாகக் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. அரசாங்கம் அப்பீல் செய்தது. கடைசியில் குடும்பம் தோற்றது. "நாட்டை விட்டு வெளியேற வேண்டும்" என்று உத்தரவு ஆயிற்று.

இதற்குள் ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. பிள்ளைகள் அங்கே வளர்ந்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பள்ளியில் படித்தார்கள். அந்த ஊர்ப் பேச்சைப் பேசினார்கள். "உங்கள் நாட்டுக்குப் போங்கள்" என்றால், அவர்களுக்கு எது சொந்த நாடு?

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஹாலந்தில் 2013-ம் ஆண்டு ஒரு விதி செய்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நாட்டில் இருந்த பிள்ளைகளுக்கு மன்னிப்பு அளித்து, தங்கவிடலாம் என்பது விதி. ஆனால், கூடவே ஒரு நிபந்தனை இருந்தது. நாட்டை விட்டுப் போவதற்கு அந்தக் குடும்பம் ஒத்துழைத்திருக்க வேண்டும்!

போவதற்கு ஒத்துழைத்தால்தான் இருக்கலாம். போகாமல் இருந்தால் இருக்க முடியாது. இது எப்படி இருக்கிறது? பெரும்பாலான மனுக்கள் இதனால் தள்ளுபடி ஆயின. இந்தக் குடும்பத்தின் மனுவும் தள்ளுபடி ஆயிற்று.

சட்டத்தைக் கொண்டே சட்டம்

அப்போதுதான் பெத்தேல் கோவில் கதவைத் திறந்தது.

ஹாலந்தில் ஒரு சட்டம் உண்டு. வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது, அதிகாரிகள் கோவிலுக்குள் நுழையக் கூடாது. வழிபாடு முடிந்துவிட்டால் நுழையலாம்.

"அப்படியானால், வழிபாட்டை முடிக்காமலே இருந்தால்?"

இதுதான் அவர்கள் செய்த யோசனை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் யாரையும் ஒளித்து வைக்கவில்லை. இன்ன குடும்பம் இங்கே இருக்கிறது என்று ஊர் அறியச் சொன்னார்கள். போலீசாரோடு மல்லுக்கு நிற்கவில்லை. பூட்டை உடைக்கவில்லை. சட்டம் கொடுத்த இடத்தில் நின்றுகொண்டு, "மறுபடியும் யோசித்துப் பாருங்கள்" என்று அரசாங்கத்திடம் கேட்டார்கள்.

மறுபக்கம் என்ன சொல்கிறது?

இந்த வழக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. அதையும் கேட்பதுதான் நியாயம்.

"கோர்ட்டு விசாரித்தது. தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புப் பிடிக்கவில்லை என்று கோவிலுக்குள் போய் உட்கார்ந்தால், கோர்ட்டு எதற்கு? இவர்களைப் போல மனு தள்ளுபடி ஆனவர்கள் எத்தனையோ பேர். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து, மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்கள் ஏமாளிகளா? பாதிரியார்களின் ஆதரவு கிடைத்தவருக்கு ஒரு சட்டம், கிடைக்காதவருக்கு ஒரு சட்டமா?"

இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் ஏழைக்குப் பாதுகாப்பு. ஆளைப் பார்த்துச் சட்டம் வளைந்தால், முதலில் அடிபடுகிறவன் ஆள் பலம் இல்லாதவன்தான்.

ஒரே பைபிள், இரண்டு இடம்

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பக்கத்தாரும் கிறிஸ்தவர்கள். அப்போது ஹாலந்தை ஆண்டது நான்கு கட்சிகளின் கூட்டு மந்திரிசபை. அதில் இரண்டு, கிறிஸ்தவக் கட்சிகள்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2018-ம் ஆண்டு, எல்லை தாண்டி வந்தவர்கள் மீது அங்கே கடுமையாக வழக்குத் தொடர்ந்தார்கள். பெற்றோர் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கமாகப் பிரிக்கப்பட்டார்கள். மே, ஜூன் மாதங்களில், சுமார் ஐந்து வாரத்தில் மட்டும் 2,300-க்கு மேற்பட்ட பிள்ளைகள் பிரிக்கப்பட்டார்கள்.

கத்தோலிக்க பிஷப்புகள் கண்டித்தார்கள். அப்போது அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் ஜெப் செஷன்ஸ். அவர் ஜூன் 14-ந் தேதி ஒரு கூட்டத்தில் பதில் சொன்னார். ரோமருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் 13-ம் அதிகாரத்தைச் சுட்டிக் காட்டினார். அரசாங்கத்தை ஏற்படுத்தியவர் கடவுள், ஆகவே அதன் சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது அந்த இடத்தின் கருத்து.

செஷன்ஸ் மெதடிஸ்டு சபையைச் சேர்ந்தவர். அதே சபையைச் சேர்ந்த 600-க்கு மேற்பட்டவர்கள், அவர் மீது சபையிலேயே புகார் கொடுத்தார்கள்! பின்னர் அந்தப் புகார் தள்ளுபடி ஆனது.

புகார் கொடுத்தவர்கள் நம்பியதும் பைபிளைத்தான். நியாயத் தீர்ப்பு நாளில், "அன்னியனாக வந்த என்னை ஏற்றுக்கொண்டாயா?" என்ற பொருளில் ஏசு கேட்பார் என்று மத்தேயு எழுதிய சுவிசேஷம் சொல்கிறது. ஏசுவே கைக்குழந்தையாக இருந்தபோது, மன்னன் ஏரோதுக்குப் பயந்து, பெற்றோர் அவரை எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

எந்த இடத்தை எடுத்துக்கொள்வது?

பவுலின் வாழ்க்கையே ஒரு வழி காட்டுகிறது. அரசாங்கத்துக்கு அடங்கி நட என்று எழுதியவர் அவர். அவரே பல முறை சிறையில் கிடந்தார். தம் மீது வழக்கு வந்தபோது, "நான் ரோமக் குடிமகன்" என்று உரிமையைச் சொல்லி, இராயனிடம் அப்பீல் செய்தார். அவர் சட்டத்தை விட்டு ஓடவில்லை. சட்டத்திடம் நியாயம் கேட்டார்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்த்ததும் சட்டம்தான். எதிர்ப்பு வலுத்ததால், ஜூன் 20-ந் தேதி பிரிப்பதை நிறுத்தும்படி ஜனாதிபதி டிரம்ப் உத்தரவு போட்டார். ஜூன் 26-ந் தேதி ஒரு நீதிபதி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும்படி கெடு வைத்து ஆணையிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 14 நாள். மற்றவர்களுக்கு 30 நாள்.

ஆக, சட்டத்தின் ஆட்சி என்றால் அதிகாரி சொன்னதைக் கேட்பது மட்டும் அல்ல. அதிகாரியும் சட்டத்துக்குக் கட்டுப்படுவதுதான் சட்டத்தின் ஆட்சி.

முடிவு என்ன ஆயிற்று?

ஹேக் நகருக்குத் திரும்புவோம்.

ஜெபம் மூன்று மாதத்தைத் தொட்டது. 2019 ஜனவரியில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி மனம் மாறியது. ஜனவரி 29-ந் தேதி கூட்டணிக் கட்சிகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. சுமார் 700 பிள்ளைகளின் மனுக்களை மறுபடி பார்ப்பது என்று முடிவாயிற்று. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தங்கலாம் என்று எதிர்பார்க்கப்பட்டது. மறுநாள் ஜெபம் முடிந்தது. அந்த அர்மீனியக் குடும்பமும் ஹாலந்திலேயே தங்கியது.

இத்தோடு கதையை முடித்தால் இனிக்கும். ஆனால், ஒப்பந்தத்தில் கசப்பும் இருந்தது. பிள்ளைகளுக்கான மன்னிப்பு விதியை அத்தோடு ஒழித்துவிட்டார்கள். தனிப்பட்ட குடும்பங்களுக்கு மந்திரி இரக்கம் காட்டும் அதிகாரத்தையும் எடுத்துவிட்டார்கள். ஐ.நா. சபை மூலம் ஆண்டுக்கு 750 அகதிகளை ஏற்பதாக இருந்ததை, 500 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

வீட்டுக்குள் வந்துவிட்டவர்களுக்கு இடம் கிடைத்தது. வாசலில் நின்றவர்களுக்குக் கதவு குறுகியது!

கோவில் வாசல் வரை

இந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. அமெரிக்காவில் கோவில், பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் சாதாரணமாகக் கைது செய்வதில்லை என்ற கட்டுப்பாடு பல ஆண்டுகளாக இருந்தது. 2025 ஜனவரியில் அரசாங்கம் அதை நீக்கியது. "குற்றவாளிகள் கோவிலில் ஒளிந்துகொள்ளக் கூடாது" என்பது அரசாங்கத்தின் வாதம்.

சில கிறிஸ்தவ சபைகளும், ஒரு சீக்கிய குருத்வாராவும் கோர்ட்டுக்குப் போயின. "கைதுக்குப் பயந்து மக்கள் ஜெபத்துக்கே வரமாட்டார்கள்" என்றன. பிப்ரவரியில் ஒரு நீதிபதி, வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும் இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தார்.

நாட்டுக்கு எல்லை வேண்டும். எல்லைக்குச் சட்டம் வேண்டும். இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், சட்டப் புத்தகம் மனுவின் எண்ணைத்தான் பார்க்கிறது. பெத்தேல் கோவில் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டு, சட்டத்தை உடைக்காமல், "நீங்களும் பாருங்கள்" என்று நாட்டை அழைத்தது. நாடு பார்த்தது. அதற்கு 96 நாட்கள் பிடித்தன.

உங்கள் வீட்டுக் கதவை, நள்ளிரவில் ஒரு குடும்பம் தட்டுகிறது. பின்னாலேயே போலீசாரும் வருகிறார்கள். கையில் இருப்பது முறையான உத்தரவு.

நீங்கள் என்ன செய்வீர்கள்?